செவலையின் வாயில் இருந்த எருக்கு

மலையடிக் குளத்தங்கரையில் ஒரு வெள்ளாட்டு மந்தை இருந்தது. அதில் செவலை என்று ஒரு தாய் ஆடு. அதிர்ந்து பேசாது. பயம் வந்தால் மட்டும் பக்கத்தில் இருக்கிற தழையைக் கடித்து மென்றுகொண்டே இருக்கும்.

ஒருநாள் காற்றில் தூசி விழுந்து, அதன் குட்டி கருவாயனுக்கு ஒரு கண் லேசாகச் சிவந்தது.

செவலை பதறிப்போனது. "ஐயோ, கண்ணு போயிடுமோ!" என்று கரையோர எருக்கந்தழையைக் கடித்தது. ஓடிப்போய்க் குட்டியின் கண்ணை நக்கியது. மறுபடி கடித்தது, மறுபடி நக்கியது.

"வேண்டாம்மா!"

"சும்மா இருடா! அம்மா நக்கினா ஆறிடும்!"

மத்தியானத்துக்குள் கண் கோவைப்பழமாய்ச் சிவந்து, இமை வீங்கிப்போனது.

"இது ஒட்டுற நோய்! எங்க பிள்ளைங்க பக்கம் வராதே!" என்று மற்ற ஆடுகள் கொம்பை ஆட்டின.  செவலை குட்டியை அழைத்துக்கொண்டு தனியே நடந்தது.

புதருக்குள்ளிருந்து ஒரு நரி வந்தது.

"என்னக்கா, பிள்ளைக்குக் கண்ணா? வெளிச்சம் பட்டா பார்வையே போயிடும்! என் குகையில விடு. மூணு நாள் இருட்டுல இருந்தா சரியாயிடும்."

"நானும் கூட இருக்கட்டுமா, தம்பி?"

"தாய் பார்த்தா மருந்து பலிக்காது!"

செவலை குட்டியோடு நரியின் பின்னால் போனது. குகை வாசலில் ரத்த வாடை அடித்தது.  அங்கேயும் ஒரு எருக்கஞ்செடி. பயத்தில் செவலை ஒரு கொப்பை ஒடித்து மென்றது. போகிற பிள்ளையை ஒருதரம் நக்கலாம் என்று குனிந்தது.

"நக்காதேம்மா! நீ தழை தின்னுட்டு நக்குறப்பல்லாம் நெருப்பா எரியுது!"

செவலை அப்படியே நின்றது. வாயில் இருந்த கொப்பின் முறிவில் வெள்ளை வெளேரென்று பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன யோசனை? உள்ளே தள்ளு!" என்று நரி குட்டியின் மேல் பாய்ந்தது.

செவலை கொப்போடு தலையைச் சுழற்றி வீசியது. பால் நரியின் இரண்டு கண்ணிலும் தெறித்தது.

"ஐயோ, என் கண்ணு! தண்ணி! தண்ணி!"

"எதுக்குத் தண்ணி? மூணு நாள் இருட்டுல இரு மாமா, சரியாயிடும்!" என்று கத்திக்கொண்டே கருவாயன் அம்மாவோடு ஓடியது.

இரண்டும் குளத்துக்குப் போய்த்தான் நின்றன. செவலை முதலில் தன் வாயைக் கொப்பளித்துத் துப்பியது. பிறகு தெளிந்த தண்ணீரில் குட்டியின் முகத்தை முக்கி, கண்ணைத் திறந்து திறந்து மூடச் சொன்னது. பொழுது சாயும்வரை விடவில்லை. மறுநாள் எரிச்சல் குறைந்தது. மூன்றாம் நாள் கண்ணின் சிவப்பு மறைந்தது. விரட்டிய ஆடுகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து படுத்தன.

அதற்குப் பிறகு செவலை வாயைக் கழுவாமல் குட்டியைத் தொட்டதே இல்லை.

பிள்ளையின் கண் சிவந்தால், பயத்தில் கண்டதையும் செய்யாமல், எப்போது எரிகிறது என்று பிள்ளையிடமே முதலில் கேட்க வேண்டும்.