இரண்டாம் சரணம், மூன்றாம் வரி

சிகாமணி அன்று காலை மாஸ்டரைப் பார்க்கப் போனது யோசனை கேட்க அல்ல, தலையாட்ட வைக்க. முடிவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “என்ன செய்யலாம் சொல்லுங்க” என்று போய் நிற்கிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவனும் அந்தக் கூட்டம்தான்.

மாஸ்டர் என்றால் ஆசீர் மாஸ்டர். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். ஆனாலும் கிடாரில் முதல் விரலை எங்கே வைப்பது என்று சிகாமணிக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பின்னால் சிகாமணி மெல்லிசைக் குழு ஆரம்பித்துத் தலைவனானான். மாஸ்டர் அதே குழுவில், மேடைக்கு எதிரே, கூட்டத்துக்கும் பின்னால் சவுண்ட் மிக்சரோடு உட்கார்ந்துகொண்டார். சீடன் மேலேயும் குரு கீழேயும் இருப்பது இருவருக்கும் பழகிப்போயிருந்தது.

“கோமதியை நிறுத்திரலாம்னு நினைக்கேன் மாஸ்டர்.”

மாஸ்டர் கையிலிருந்த சால்டரிங் ராடை ஓரமாக வைத்தார்.

“ஏன்?”

“தாளத்துல நிக்க மாட்டேங்கா.”

பிறகு அவன் தன் பக்கத்து நியாயத்தை எல்லாம் எடுத்து வைத்தான். கோமதி குழுவில் பத்தொன்பது வருடமாகப் பாடுகிறவள். அவள் கடைசியாகப் பாடும் அம்மன் பாட்டுக்காகவே கூட்டம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும். அந்தப் பாட்டிலேதான் இப்போது இடறுகிறாள். இரண்டாம் சரணத்தில் மூன்றாவது வரி உச்சிக்கு ஏற வேண்டும். ஏறும்போது பாதியில் குரல் அறுந்துவிடுகிறது. போன வாரம் வள்ளியூரில் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மதுரையில் ஒரு பெண் இருக்கிறாள், எந்த டிராக் போட்டாலும் பிசகாமல் பாடுவாள் என்று சொன்னான்.

“தாளம்னு சொன்னியே, யாரு தாளம்?” என்று மாஸ்டர் கேட்டார்.

“பெட்டி தாளந்தான். அது ஒரு மயிரிழை தப்பாது.”

பெட்டி வந்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பு குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் பிச்சையா. வாய் திறந்து பேசாத மனுஷர். மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கடைசி இரண்டு வருடமாக அவர் வாசிப்பில் ஒரு தொய்வு வந்திருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் நடை திடீரென்று ஓரிடத்தில் தளர்ந்து, பிறகு சுதாரித்துக்கொள்ளும். வயசாகிவிட்டது என்றான் சிகாமணி. கயத்தாறு கச்சேரியில் பாட்டு முடிந்ததும், எல்லோரும் பார்க்க, கை நடுங்குகிறவன் வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்று ஏசிவிட்டான். பிச்சையா குச்சிகளைத் துண்டில் துடைத்து உறையில் போட்டார். அடுத்த கச்சேரிக்கு அவரை யாரும் கூப்பிடவும் இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்பு அவர் இடத்துக்குத்தான் பெட்டி வந்தது. டிரம்ஸ் சத்தம் பதிந்த மிஷின், ஒரு செங்கல் அளவு இருக்கும். கிடார் வாசிக்கிற சிகாமணியின் காலடியிலே கிடக்கும். கால் பெருவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினால் டிரம்ஸ் தொடங்கும். நடுவே ஒரு தட்டுத் தட்டினால் ஓர் உருட்டல் விழும். அழுத்திப் பிடித்தால் பல்லவி நடை சரண நடையாக மாறும். இரண்டு தட்டுத் தட்டினால் நின்றுவிடும். வேனில் இடம் அடைக்காது, டீ கேட்காது, தொய்யாது. சிகாமணி அதைத் தன் பக்கத்து சீட்டிலே வைத்துக்கொண்டு பயணம் செய்தான்.

அதில் ஒரே ஒரு சங்கடம். கிடார் வாசிக்கும்போது அவன் கால் தன்பாட்டுக்குத் தாளம் போடும், சின்ன வயதிலிருந்தே அப்படி. பெட்டிக்கு அந்தச் சலுகை எல்லாம் கிடையாது. ஆலங்குளத்தில் ஒரு தாலாட்டுப் பாட்டுக்கு நடுவே அவன் கால் மறந்து தட்டிவிட, உருட்டல் மேல் உருட்டலாக விழுந்து, மடியில் தூங்கிய பிள்ளைகள் எல்லாம் எழுந்து அழுதன. அதற்குப் பிறகு அவன் காலை அடக்கினான். மூன்றே வாரத்தில் கால் அசையாமல் நிற்கப் பழகிவிட்டது. தப்பாக அமுக்கிவிடக் கூடாதே என்று பெருவிரலைப் பார்த்தபடியே வாசிக்கவும் பழகிவிட்டான்.

பிச்சையா ஒரு ரைஸ் மில்லில் வாட்ச்மேனாகப் போனார். போன மாதம் ஒரு நாள் காலையில் வேலை முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குக் குழுவுக்குத் தென்காசியில் ஒரு ரிசப்ஷன். சிகாமணி ஒரு ரோஜா மாலை வாங்கிக் கொடுத்தனுப்பினான். மாலை போனது, அவன் போகவில்லை. அது அவனை உறுத்தாமலும் இல்லை. உறுத்தியதை அவன் வேலை மும்முரத்தில் மறைத்துக்கொண்டான்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே மெமரி கார்டுகள். ஒவ்வொன்றையும் ஒரு காகிதத்தில் மடித்து ஊர்ப் பெயர் எழுதியிருந்தார். முக்கூடல், களக்காடு, கயத்தாறு. குழு வாசித்த ஒவ்வொரு கச்சேரியும், மைக் மைக்காகத் தனித்தனியே, அவர் மிக்சரில் பதிவாகியிருந்தது. அவர் அம்மன் பாட்டு வரிகள் எழுதிய தாளையும் ஒரு பென்சிலையும் சிகாமணி முன்னால் வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்.

“பிச்சையா எங்க தொய்யுதாருன்னு கோடு போடு.”

சிகாமணிக்கு இது எதற்கென்று விளங்கவில்லை. ஆனாலும் கேட்டான். முக்கூடல் கச்சேரியில் ஒரு கோடு போட்டான். களக்காட்டில் ஒரு கோடு. கயத்தாறில் ஒரு கோடு. மாஸ்டர் கார்டு மாற்றிக்கொண்டே இருந்தார். ஏழு கச்சேரி முடிந்தபோது தாளில் ஏழு கோடுகள், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று. இரண்டாம் சரணம், மூன்றாம் வரிக்குச் சற்று முன்னால்.

“தப்பு எங்க வேணும்னாலும் வரும்” என்றார் மாஸ்டர். “ஏழு ஊர்லயும் ஒரே எடத்துலயா வரும்?”

“பழக்கதோசம் மாஸ்டர்.”

மாஸ்டர் மிக்சர் பக்கம் திரும்பினார். கிடார், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாவற்றின் சத்தத்தையும் இறக்கிவிட்டு, கோமதியின் மைக்கை மட்டும் ஏற்றினார். மறுபடி முக்கூடல் கச்சேரி. இரண்டாம் வரி முடிந்தது. பிறகு பாட்டு இல்லை. சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அது நீண்டு, நீண்டு, மூச்சு ஒரு வழியாக நிறைந்தது. அதன் பிறகுதான் குரல் எழுந்து உச்சிக்குப் போனது.

அடுத்து மாஸ்டர் போன வாரத்து வள்ளியூரைப் போட்டார். அதே கீச்சுச் சத்தம் தொடங்கியது. பாதியிலேயே அதை முறித்துக்கொண்டு கோமதி வரியைப் பிடிக்கத் தாவினாள். குரல் அறுந்தது. தூரத்தில் யாரோ சிரிப்பதும் மைக்கில் விழுந்திருந்தது.

சிகாமணி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

“எப்ப இருந்து?”

“மூணு வருசத்துக்கு முன்ன காய்ச்சல்ல கிடந்தாள்ல, அப்ப இருந்து வீசிங்.”

“பிச்சையா அண்ணனுக்கு எப்படித் தெரியும்?”

“அவருக்கு முன்னாலதான அவ நிப்பா. தோள் ஏறுறதும் எறங்குறதும் பின்னால இருக்கவருக்குத்தான் தெரியும். மூச்சு நெறையுற வரைக்கும் தாளத்தை இழுத்துப் பிடிப்பாரு.”

“உங்களுக்கு?”

“அந்த எடம் வரும்போது அவ மைக்கை நான் கொறைச்சிருவேன். சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு. பதிவுல மட்டும் முழுசா விழும்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல மாஸ்டர்?”

“சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?”

அதைச் செய்யத்தான் அவன் இன்று காலை வந்திருந்தான். சிகாமணி எழுந்து வெளியே போய் மார்க்கெட் இரைச்சலில் கொஞ்ச நேரம் நின்றான். இத்தனை வருடம் கூட வாசித்த மனுஷன், கயத்தாறில் தலை குனிந்து குச்சியைத் துடைத்தது கண்ணுக்குள்ளேயே நின்றது.

அன்று மத்தியானம் ஒத்திகைக்கு அவன் கோமதியையும் மாஸ்டரையும் மட்டும் வரச் சொன்னான். ஒத்திகை நடப்பது அவன் வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே. கோமதி எப்போதும் போல வெந்நீர் பிளாஸ்கோடு படி ஏறி வந்து, ஏறிய களைப்பு தெரியாமலிருக்கக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவை வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்றாள். இந்த நடிப்பை அவள் எத்தனை தடவை நடித்திருப்பாள் என்று சிகாமணி நினைத்தான். ஒரு தடவைகூடத் தன் கண்ணில் படவில்லையே என்றும் நினைத்தான்.

அவன் விஷயத்தைத் தொடங்கியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. தன்னை நிறுத்தப் போகிறார்கள் என்றுதான் அவள் முதலில் நினைத்திருக்க வேண்டும். இல்லை என்று தெரிந்த பிறகும் அவள் முகம் தெளியவில்லை.

“கயத்தாறுல நீங்க அவரை ஏசுனப்போ நான் பக்கத்துலதான் நின்னேன் அண்ணாச்சி” என்றாள். “சொல்லிரலாம்னு வாயெடுத்தேன். அவரு என்னைப் பாத்து வேண்டாம்னு தலையை ஆட்டினாரு. நானும் விட்டுட்டேன்.”

பிளாஸ்கின் மூடியைத் திருகித் திறந்து, குடிக்காமல் மறுபடி மூடினாள்.

“பாட்டு போயிட்டா எனக்கு வேற என்ன இருக்குன்னு பயம். அவரை நிறுத்துனீங்க. நான் பாடிக்கிட்டு இருந்தேன்.”

பிச்சையா இறந்த அன்று, தென்காசிக்குக் கிளம்பும் முன் அவள் தனியாக அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒரு பாட்டுப் பாடம்மா என்று அங்கிருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தவளுக்கு ஒரு வரிகூட வரவில்லையாம். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்த சிகாமணிதான் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு அவன் பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி அலமாரியில் வைத்தான். மூலையில் டிரம்ஸ் இருந்த இடத்தில் ரப்பர் விரிப்பு இன்னும் கிடந்தது. டிரம்ஸின் கால்கள் அழுத்திய பள்ளங்கள் அதில் அப்படியே இருந்தன. அதன்மேல் ஒரு ஸ்டூலைப் போட்டு, கிடாரோடு உட்கார்ந்தான். கோமதி அவனுக்கு முன்னால், தெருவைப் பார்த்து நின்றாள்.

“நீ பாடு கோமதி. நான் பின்னால வாரேன்.”

பல்லவி நன்றாகப் போயிற்று. முதல் சரணமும் போயிற்று. இரண்டாம் சரணத்தில் அந்த இடம் வந்தது. நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் என்றுதான் தெரியவில்லை. காலைத் தூக்கினான். எட்டு மாதமாக அசையாமல் நிற்கப் பழகிய கால் இறங்க மாட்டேன் என்றது. பிறகு பதறி, அவள் மூச்சு நிறையும் முன்பே இறங்கிவிட்டது. கோமதி பாதி மூச்சில் வரியைப் பிடித்தாள். குரல் அறுந்தது.

இரண்டாம் தடவை அவன் மனதுக்குள் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதுவும் சரிப்படவில்லை. மூன்றாம் தடவை ஆறு வரை எண்ணினான். அதற்குள் அவள் மூச்சு நிறைந்து, காத்திருந்து, வீணாகி இறங்கிவிட்டது. அவள் இருமத் தொடங்கினாள். திரும்பிப் பார்க்காமலேயே, இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கையைக் காட்டினாள்.

சிகாமணிக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்த மாஸ்டரைப் பார்த்துக் கேட்டான்.

“பெட்டியைத் தூக்கி வச்சாச்சு. அவரு உக்காந்த எடத்துலயே உக்காந்தாச்சு. இன்னும் ஏன் வரமாட்டேங்கு மாஸ்டர்?”

மாஸ்டர் கோமதியின் இருமல் அடங்கும் வரை பொறுத்தார்.

“அவரு அவ முதுகைப் பாத்து அடிச்சாரு” என்றார். “நீ மூணு தடவையும் உன் பெருவிரலைத்தான் பாத்துக்கிட்டிருந்த.”

சிகாமணி தலையை நிமிர்த்தினான். முன்னால் கோமதியின் தோள்கள் ஏறி, நின்று, இறங்கிக்கொண்டிருந்தன. கிடாரின்மேல் கை அப்படியே கிடக்க, அவன் அந்தத் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.