ஒன்பதாவது கணக்கு

"ஒரே தாள், ஒரே அறை, எல்லாருக்கும் ஒரே நேரம். இதைவிட நியாயமா ஒரு தேர்வை எப்படிம்மா நடத்துறது?" என்று கேட்டார் தாண்டவமூர்த்தி.

குரு நாச்சியார் வாசல் பக்கம் பார்த்தார்.

வாசல் படியில் ஒரு சிறுமி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் முப்பிடாதி. மேல்கணக்கு வகுப்புக்கான தேர்வில் தேறாத பிள்ளைகள் காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். இவள் மட்டும் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அந்த வகுப்பில் சேர ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு.

நாச்சியாரிடம் கணிதம் கற்க வேண்டுமென்றால் மலையடிவாரத்துக் குருகுலத்துக்குத்தான் வர வேண்டும். தாண்டவமூர்த்தியும் அப்படி வந்தவர்தான். தலைமையாசிரியர் வேலையை உதறிவிட்டு, தன்னைவிடப் பத்து வயது இளைய பெண்மணியைக் குருவாக ஏற்றுக்கொண்டவர். கணக்கென்றால் அவருக்குப் பைத்தியம். நேர்மையென்றால் அதைவிடப் பைத்தியம். அதனால்தான் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் குரு அவரிடம் விட்டிருந்தார்.

பெயர்களை மறைத்து வைத்துத்தான் அவர் தாள்களைத் திருத்தினார். சொந்த அக்கா பேரன் தேறவில்லை. மனிதர் முகம்கூடச் சுளிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு என்ன கேக்குறா?" என்றார் குரு.

"இன்னும் கொஞ்ச நேரம் வேணுமாம். ஒரு மணி நேரத்துல அறுபது கணக்கு. இவ ஒன்பதாவதுலயே உட்கார்ந்துட்டா. அதுவும் வெறும் கூட்டல். இவளுக்கு நேரம் கொடுத்தா, ஊருக்குப் போன பிள்ளைங்களுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?"

"அதுவும் சரிதான். எனக்கும் ஒரு தாள் கொடுங்க."

"உங்களுக்கா?"

"பாடம் எடுக்கப் போறவளுக்குத் தகுதி இருக்கான்னு பார்க்க வேண்டாமா?"

தாண்டவமூர்த்தி சிரிக்கவில்லை. விதி என்று வந்துவிட்டால் அவருக்குச் சிரிப்பு வராது. ஒரு பெஞ்சைக் காட்டினார். தாளைக் கொடுத்தார். மணி அடித்தார்.

எட்டுக் கணக்கு மளமளவென்று முடிந்தது. ஒன்பதாவதில் பேனா நின்றது.

"காம்பஸ் கிடைக்குமா?"

கொடுத்தார். கேட்டால் கொடுக்கலாம், விதியில் இடமுண்டு. தேர்வன்றும் ஒரு பிள்ளை கேட்டு வாங்கியது.

குரு தாளின் பின்பக்கம் ஏதோ வரைந்தார். அடித்தார். மறுபடியும் கொஞ்சம் பெரிதாக வரைந்தார்.

தாண்டவமூர்த்திக்கு உள்ளூர எரிச்சல். விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போனால்தான் என்ன? ஆனால் எழுதுகிறவர் தாளை எட்டிப் பார்ப்பதும் யோசனை சொல்வதும் மேற்பார்வை பார்ப்பவருக்கு அழகில்லை. அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் முடிந்தது. தாளை வாங்கித் திருத்தினார். எட்டு மார்க். பின்பக்கத்துக் கிறுக்கலுக்கு மார்க் கிடையாது. தேற நாற்பது வேண்டும்.

வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் அசடு வழிந்து, இதெல்லாம் சும்மா என்று தாளை மடித்து வைத்திருப்பார்கள். தாண்டவமூர்த்தி மார்க்கை இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு சிவப்பு மையில் எழுதினார்: தேறவில்லை.

"நல்லது," என்றார் குரு. அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். எழுந்து வாசலுக்கு நடந்தார்.

"அம்மா, வகுப்பு? பிள்ளைங்க காத்திருக்காங்க."

"தேறாதவளுக்கு உள்ள என்ன வேலை? நீங்க எடுங்க."

முப்பிடாதி படியில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

தாண்டவமூர்த்தி வகுப்புக்குள் போய்க் கரும்பலகை முன் நின்றார். தேறிய பிள்ளைகள் நோட்டைத் திறந்து தயாராக இருந்தார்கள். ஜன்னல் வழியாகப் படியிலிருந்து பேச்சு கேட்டது.

"நீங்க எதுல நின்னுட்டீங்க?" முப்பிடாதியின் குரல்.

"ஒன்பதாவதுல."

"நானும்தான். உங்களுக்குச் சேர்ந்துச்சா?"

"இல்ல. உனக்கு?"

"எப்படி வரைஞ்சாலும் சேரலை. பெருசா வரைஞ்சா சேரும்னு பார்த்தேன். அப்பவும் சேரலை."

"விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருக்கலாமே?"

"எப்படிப் போறது? ஏன் சேரலைன்னு தெரிய வேண்டாமா?"

தாண்டவமூர்த்தி பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"தேர்வுல ஒன்பதாவது கணக்கு. ஒரு முக்கோணத்தோட பக்கங்கள் நாலு, அஞ்சு, பத்து. சுற்றளவு என்ன?"

"பத்தொன்பது," என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

அவரும் அதைத்தான் விடையாக வைத்திருந்தார். சாக்பீஸை எடுத்தார். பத்துக்கு ஒரு கோடு போட்டார். அதன் ஒரு முனையிலிருந்து நாலுக்கு ஒரு கோடு, மறுமுனையிலிருந்து ஐந்துக்கு ஒரு கோடு. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. இன்னும் சாய்த்துப் போட்டார். தொடவில்லை. கடைசியில் பத்தின் மேலேயே இரண்டையும் படுக்க வைத்துப் பார்த்தார். அப்போதும் நடுவில் இடைவெளி இருந்தது.

இல்லாத ஒரு முக்கோணத்துக்கு அவர் சுற்றளவு கேட்டிருந்தார். கூட்டிச் சொன்னவர்களுக்கெல்லாம் மார்க்கும் போட்டிருந்தார். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

"நாங்க தப்பா சொல்லிட்டோமா சார்?" என்று கேட்டான் முன்வரிசைப் பையன்.

"உங்க மேல தப்பில்லப்பா. இருங்க, வந்துடறேன்."

வாசலுக்குப் போனார். குரு நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முப்பிடாதி, உள்ள வாம்மா."

அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு மார்க் பத்தாதே சார்."

"எனக்கும் பத்தாது," என்றார் தாண்டவமூர்த்தி.