நாலாம் நம்பர் டூல்

லாரி ஓட்டிக்கொண்டிருந்த கிட்டுசாமிக்கு ஐம்பது வயதில் ஒரு குரு கிடைத்தார். குருவுக்கு முப்பது வயது. பெயர் கோகிலா. கோவை குறிச்சியில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில், கம்ப்யூட்டர் சொல்படி இரும்பை வெட்டும் சிஎன்சி மெஷின்கள் இரண்டும் அவர் பொறுப்பில் இருந்தன.

கிட்டுசாமிக்கு முதுகில் வட்டு விலகியிருந்தது. இனி ஸ்டியரிங் பிடித்தால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டறை முதலாளி தண்டபாணி தூரத்துச் சொந்தம். "வந்து கத்துக்குங்க மாமா, பாக்கலாம்" என்றார். இது இல்லையென்றால் எங்காவது வாட்ச்மேன் வேலை. நாள் முழுக்க ஒரு கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கக்கூடக் கிட்டுசாமிக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் கோகிலா அவரை இரண்டாவது மெஷினின் முன் நிறுத்தினார். பெரிய பீரோ மாதிரி இருந்தது. கண்ணாடி வைத்த இழுப்புக் கதவு. உள்ளே மேசையில் இரும்பைப் பிடித்து வைத்தால், மேலிருந்து டூல் இறங்கி வெட்டும். ஒரு டூல் முடித்ததும் மெஷினே நம்பர் பார்த்து அடுத்ததை மாற்றிக்கொள்ளும்.

கதவின் ஓரத்தில் போன வருஷத்துக் குங்குமம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"யார் வெச்சதுங்க அம்மிணி?"

"நான்தானுங்ண்ணா. இங்க ஆயுத பூஜைக்கு, மெஷினை ஓட்டறவங்கதான் அதுக்குப் பொட்டு வெக்கோணும். மொதலாளியே வந்தாலும் வெக்கக் கூடாது."

பிறகு இரண்டே விஷயம் சொன்னார். கதவைச் சாத்தாமல் பச்சை பட்டனைத் தொடக் கூடாது. புதுசாக எது செய்தாலும், முதல் பீஸ் முடியும் வரை கை, மெஷினை நிறுத்தும் சிவப்பு பட்டன் மேலேயே இருக்க வேண்டும்.

கிட்டுசாமி நன்றாகவே கற்றுக்கொண்டார். டூலின் நீளம் எடுக்க அங்கே நாள்காட்டியில் கிழித்த பழைய தேதித் தாளைத்தான் வைத்திருந்தார்கள். தாளை இரும்பின் மேல் வைத்து முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே டூலை மெல்ல இறக்க வேண்டும். தாள் சிக்கினால் நிறுத்தி, திரையில் வரும் எண்ணை அந்த டூலின் வரிசையில் அடிக்க வேண்டும். தாள் சிக்கும் அந்த இடம் கிட்டுசாமியின் விரலுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. தினமும் காலையில் முன்பு லாரியைத் தொட்டுக் கும்பிட்டது போலவே மெஷினையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிழைக்க ஒரு வழி கிடைத்ததே என்ற நிம்மதி அந்தக் கும்பிடில் இருந்தது.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, எல்லாத்தையும் மெஷினே பண்ணுது. நான் எதுக்குங்க இங்க?"

"நில்லுங்கண்ணா."

"நிக்கறதுக்கு ஒரு ஆளா?"

"ஆமாங்க."

"லாரின்னா நான் மிதிச்சாத்தானுங்க நிக்கும்."

"இதுவும் நீங்க நிறுத்துனாத்தான் நிக்கும்" என்றார் கோகிலா. கிட்டுசாமி அடுத்த வாரமும் கேட்டார். அதே பதில்தான்.

ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்பு நாலாம் நம்பர் டூல் முனை மழுங்கிவிட்டது. பென்சில் தடிமனுள்ள டிரில். கிட்டுசாமி புதுசை மாட்டினார். பழையதைவிட அது நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தாள் வைத்து நீளம் எடுத்தார். எண்ணை அடித்தார். அடித்தது மூன்றாம் நம்பரின் வரிசையில்.

சொன்னதை நம்புவது மெஷினின் குணம். நாலாம் நம்பர் இன்னும் பழைய நீளம்தான் என்று அது நம்பியது.

கிட்டுசாமி கதவைச் சாத்தினார். கையைச் சிவப்பு பட்டன் மேல் வைத்தார். பச்சையை அழுத்தினார். டிரில் மேலிருந்து வந்த வேகத்திலேயே, நிற்க வேண்டிய உயரத்தில் நிற்காமல், நேராக இரும்பை நோக்கி இறங்கியது. ஏதோ தப்பு என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

உடம்பு முழுக்க விறைக்க, பிரேக்கை மிதித்தார்.

வெறும் சிமெண்டுத் தரை. வலது காலில் இருந்த பலம் அத்தனையையும் கொடுத்து மிதித்தார். கை பட்டன் மேல் சும்மா கிடந்தது.

படீரென்று ஒரு சத்தம். கதவுக் கண்ணாடியில் ஏதோ வந்து அறைந்தது. கோகிலா ஓடி வந்து, அவர் கைக்கு மேலேயே தன் கையை வைத்துச் சிவப்பை அழுத்தினார்.

டிரில் இரண்டாக உடைந்திருந்தது. கண்ணாடியில், சரியாகக் கிட்டுசாமியின் முகம் இருந்த உயரத்தில், வெள்ளையாக ஒரு வடு. அவர் அதைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் இரண்டு கண்களையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தண்டபாணி வந்து, டூலைப் பிடித்துச் சுழலும் ஸ்பிண்டிலில் ஒரு தண்டை மாட்டி, அதன் மேல் கோணல் பார்க்கும் டயலை வைத்தார். ஸ்பிண்டில் போயிருந்தால் பட்டறையில் பாதி போன மாதிரி. கையால் மெல்லச் சுற்றினார். எல்லோரும் டயல் முள்ளையே பார்த்தார்கள். முள் அசையவில்லை; ஸ்பிண்டில் வளையவில்லை.

தண்டபாணி மூச்சு விட்டார்.

"யார் ஓட்டுனது?"

"கிட்டுசாமியண்ணன்" என்றார் கோகிலா.

"பூஜை முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

முதலாளி போன பிறகு கிட்டுசாமி சொன்னார். "கை வரலீங்க அம்மிணி. கால்தான் போச்சு. எல்லாத்தையும் மெஷினே பண்ணுதுன்னு சொன்னேன். தப்பை மட்டும் நான் பண்ணிப்போட்டேன்."

கோகிலா சிரிக்கவில்லை. "காலுக்கு அத்தன வருஷப் பழக்கம். கைக்கு வர்றதுக்கு நாளாகுமுங்க."

சொல்லிக்கொண்டே உடைந்த டிரில்லைக் கழற்றி, அந்தத் தேதித் தாளிலேயே சுற்றித் தன் மேசை டிராயரில் வைத்தார். முதலாளியிடம் காட்டத்தான் எடுத்து வைக்கிறார் என்று கிட்டுசாமி நினைத்தார்.

ஆயுத பூஜை அன்று பட்டறையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரியும் சுண்டலும் வைத்திருந்தார்கள். கிட்டுசாமி சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். பொரியை வாங்கிக்கொண்டு, முதலாளி சொல்வதற்கு முன் நாமே சொல்லிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. உள்ளே போகாமல், செருப்புகள் கிடந்த இடத்திலேயே நின்றுகொண்டார்.

கோகிலா சந்தனக் கிண்ணத்தோடு முதல் மெஷினுக்குப் பொட்டு வைத்தார். இரண்டாவதன் பக்கம் வந்து நின்றுவிட்டார்.

"சூடம் காட்டலாமா?" என்றார் தண்டபாணி.

"இந்த மெஷினுக்கு இன்னும் பொட்டு வெக்கலீங்க."

"வெச்சுடு அம்மிணி."

"இத நான் ஓட்டறதில்லீங்களே."

தண்டபாணி மெஷினைப் பார்த்தார். வாசலில் செருப்புகளுக்கு நடுவே நிற்பவரைப் பார்த்தார். கையிலிருந்த சூடத் தட்டைக் கீழே வைத்தார். பிறகு கோகிலாவிடமிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வாசல் வரை நடந்து போய் நீட்டினார்.

"வாங்க மாமா. சந்தனம் காயுது."

கிட்டுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெஷினிடம் வந்தார்.

எங்கே வைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கதவுக் கண்ணாடியில் இருந்த அந்த வெள்ளை வடுவின் மேல் முதல் பொட்டை வைத்தார். "நல்லா இரு சாமி" என்று அந்தக் கண்ணாடியிடம் சொன்னார். அடுத்தது சிவப்பு பட்டனுக்கு. அதன் மேல் கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"உள்ளயும் வைங்கண்ணா" என்றார் கோகிலா.

கதவை இழுத்தார். மேசை மேல் சின்னதாக ஒரு வாழையிலை விரித்திருந்தது. இலையில் உடைந்த டிரில்லின் இரண்டு துண்டுகள். எண்ணெய் போகத் துடைத்து, பக்கத்தில் ஒரு செவ்வந்திப் பூ வைத்திருந்தது.

கிட்டுசாமி நீட்டிய விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இதுக்கு எதுக்குங்க அம்மிணி பொட்டு? இது நான் பண்ணுன தப்பு."

"தப்பு உங்களுதுதானுங்ண்ணா" என்றார் கோகிலா. "உடைஞ்சது அதுங்க."