காப்புக்காடு

ரேஞ்சர் பூதத்தான் மடத்துக்கு வந்தால் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைப்பார். தொப்பியைக் கழற்றி அதன் மேல் வைப்பார். அதிகாரத்தை மட்டும் கழற்ற மறந்து உள்ளே கொண்டுவந்துவிடுவார். மடத்தில் இருக்கும் உலகம்மை அதைப் பார்த்துச் சிரிப்பார். வயதில் இளையவர்தான் என்றாலும், பூதத்தானுக்குத் தீட்சை கொடுத்த குரு அவர்.

அன்று அம்மை சிரிக்கவில்லை. மலையில் தீப்பிடித்து, தீக்காவலர் மாசானம் புகையில் சிக்கிச் செத்துப்போயிருந்தார். இன்னும் கருமாதிகூட ஆகவில்லை.

"அம்மா, ஒரு கேள்வி."

"சொல்லும்."

"காடு எரியுது. ஒரு ஊரே எல்லைக்கல்லுல நின்னு வேடிக்கை பாக்குது. அந்த ஊரை என்ன செய்யணும்?"

அம்மை செம்பில் தண்ணீர் கொடுத்தார். பூதத்தான் குடிக்காமல் பக்கத்தில் வைத்தார்.

"நீரு வேலைக்குச் சேந்த காலத்துல அந்த ஊர்க்காரங்க தீயணைக்க வருவாங்களா?"

"கூப்பிடாமலே வருவாங்க. அப்பல்லாம் மரம் வெட்டுறதுதாம்மா எங்க வேலை. காட்டைக் கூப்பு கூப்பா பிரிச்சு ஏலம் விட்டு, தேக்கு, ஈட்டின்னு லாரி லாரியா இறக்குவோம். அவங்க விறகு எடுப்பாங்க, தேன் எடுப்பாங்க. நாங்க ஏன்னு கேக்கமாட்டோம்."

"பொறவு?"

"வெட்டாதே, நடுன்னு உத்தரவு வந்துச்சு. தைலமரமா நட்டோம். பொறவு, யாரையும் உள்ள விடாதேன்னு உத்தரவு. விடலை. பொய் சொல்லக்கூடாது, அதுக்கப்புறந்தான் மிளா மான் திரும்பி வந்துச்சு, ஓடையில கோடையிலயும் தண்ணி நின்னுச்சு. இப்போ என்னடான்னா, ஊரைச் சேத்துக்கிட்டு காட்டைப் பாத்துக்கோன்னு உத்தரவு. குழு போட்டு கூட்டம் கூட்டினேன். நாற்காலிதான் வந்துச்சு, ஆள் வரலை."

பாவம், மனிதர் எந்த உத்தரவையும் ஏனோதானோ என்று செய்தவரில்லை. வெட்டு என்றபோதும் நடு என்றபோதும் அடைத்துப்போடு என்றபோதும் மனசாரத்தான் செய்தார். அந்தக் காட்டின் மேல் அவருக்கு உயிர். மாசானத்தின் மேலும்தான்.

"தீப்பிடிச்ச அன்னைக்கு எல்லைக்கல்லுல நின்னாங்களே, அவங்க கையில என்ன வச்சிருந்தாங்க?" என்று கேட்டார் அம்மை.

பூதத்தான் யோசித்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள்; அன்றைக்கு அவருக்குக் கண்ணும் மட்டாகத்தான் இருந்தது. நின்றவர்களின் முகத்தை மட்டுமே பார்த்திருந்தார்.

"கொப்பு," என்றார் கடைசியில். "பச்சைக் கொப்பு ஒடிச்சு வச்சிருந்தாங்க."

"எதுக்கு?"

மலையடிவாரத்தில் பிறந்த யாரிடமும் கேட்க வேண்டாத கேள்வி அது. காட்டுத்தீயைப் பச்சைக் கொப்பால் அடித்துத்தான் அணைப்பார்கள்.

"பின்னே ஏன் கல்லைத் தாண்டலை?" என்றார் அம்மை.

பூதத்தானின் குரல் இறங்கிவிட்டது.

"போன கோடையில தாண்டி வந்தாங்கம்மா. விடிய விடிய நின்னு அணைச்சாங்க. அணைச்சவங்க மேலயே நான் கேஸ் போட்டேன். அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள நுழைஞ்சாங்கன்னு."

சொல்லி முடித்ததும் அவர் உடைந்துபோனார். மாசானத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அம்மை தேற்றவில்லை, தடுக்கவும் இல்லை.

அழுது ஓய்ந்தபின் பூதத்தான் சொன்னார்: "காட்டுக்குள்ள இருக்கிற சாஸ்தா கோயில்ல கொடைத் திருவிழா கழிக்க ஊர்க்காரங்க உத்தரவு கேட்டிருக்காங்க. கிடையாதுன்னு சொல்லிப்புடணும்ங்கிற கோவத்துலதான் இங்க வந்தேன்."

"கொடைக்குக் காப்புக் கட்டுவாங்களே, யாருக்குக் கட்டுவாங்க?"

"விரதம் இருக்கிறவங்களுக்கு. கையில மஞ்சக் கயிறு."

"கட்டினவன் எப்படி இருப்பான்?"

"கொடை முடியுற வரைக்கும் வெளியூர் போகமாட்டான். கவுச்சி தொடமாட்டான். ஒருத்தரையும் வையமாட்டான். சாமி காரியம் முழுக்க அவன் தலையிலதானே."

"கட்டாதவன்?"

"அவனுக்கென்ன, பந்தலுக்கு வெளியே நின்னு வேடிக்கை பாத்துட்டுப் போவான்."

சொன்ன பிறகுதான் 'வேடிக்கை' என்ற சொல் அவருக்கே உறைத்தது.

அம்மை சொன்னார்: "நீங்க இலாகாக்காரங்க காட்டுக்குக் காப்புக் கட்டினீங்க. மனுசன் ஒருத்தன் கையிலயும் கட்டலை."

பூதத்தான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. பழைய மிடுக்கும் கூடவே வந்திருந்தது.

"புரிஞ்சுபோச்சும்மா. அந்தக் கேஸை வாபஸ் வாங்க ஆகவேண்டியதைப் பாக்கேன். கொடைக்கும் உத்தரவு குடுத்திருதேன். காப்புக் கட்டுற அன்னைக்கு நானே நேர்ல போயி, ஊரைக் கூட்டி வச்சு, காட்டைக் காப்போம்னு சொல்லி ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு காப்பைக் கட்டிவிட்டுட்டு வாரேன்."

வாசலில் குனிந்து தொப்பியை எடுத்தார்.

"போம்," என்றார் உலகம்மை. "ஆனா கட்டிவிடப் போகாதேயும். உம்ம கையில கட்டிக்கிடப் போம்."