தட்டில் இருந்த கண்ணாடி

முதியோர் இல்லத்து நிர்வாகி தணிகாசலம் அன்றைக்கு ஓர் உத்தரவோடு வந்து உட்கார்ந்தார். பேன் தொல்லை தீர, பெண்கள் அத்தனை பேருக்கும் முடியை ஒட்ட வெட்டிவிட வேண்டுமாம். அங்கே தங்கியிருந்த மைமூன் பீவி முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“அந்தம்மா தலையில பேனே கிடையாதுங்கய்யா. தினமும் நான்தானே சீவி விடுறேன்,” என்றாள் ஆயா செல்லக்கனி.

“ஆளுக்கொரு சட்டம் கிடையாது. இங்கே எல்லாரும் சமம்.” சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்து முகத்தைத் துடைத்தார்.

காலையில் எல்லோருடைய கண்ணாடிகளையும் கழுவித் தட்டில் அடுக்குவது செல்லக்கனியின் வேலை. நிர்வாகி கழற்றி வைத்ததையும் கழுவி அவற்றோடு சேர்த்தாள். உத்தரவில் கையெழுத்துப் போட அவர் கண்ணாடி கேட்டபோது, வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள். மாட்டிப் பார்த்தார். எழுத்தெல்லாம் புழுவாய் நெளிந்தது.

“இது என்னுது இல்லையே.”

“எல்லாம் கண்ணாடிதானேங்கய்யா. இங்கதான் எல்லாரும் சமமாச்சே.”

“ஒவ்வொருத்தர் கண்ணும் ஒரே மாதிரியாம்மா இருக்கும்?”

“கண்ணு மட்டுந்தான் வேறயாங்கய்யா?”

தணிகாசலம் தட்டில் தன் கண்ணாடியைத் தானே தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். உத்தரவை ஒருமுறை படித்தார். பிறகு அதை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மைமூன் பீவி முக்காட்டைத் தளர்த்தி, சீப்பு கேட்டார்.