காலண்டர்ல சிரிச்சவங்க

எங்க பனியன் கம்பெனி முதலாளி கத்தினா, தையல் மெஷினெல்லாம் நின்னுடும். புது வருஷக் காலண்டர்ல போட அவருக்குச் சிரிச்ச முகமா ஒரு தொழிலாளி போட்டோ வேணுமாம். எங்க யாருக்கும் சிரிப்பு வரல. முதலாளி, பியூன் சடையாண்டியைக் கூப்பிட்டார்.

"சிரிக்கிறவன் ஒருத்தனைக் கூட்டிட்டு வா. இல்லேன்னா நாளையிலருந்து நீ வராதே."

சடையாண்டி, கட்டிங் மாஸ்டர் அருளப்பனைக் கூட்டிட்டு வந்தார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

முதலாளி எங்க பக்கம் திரும்பினார். "பாத்தீங்களாடா? இவனுக்கு மட்டும் எப்படி வருது?"

சடையாண்டி சொன்னார்: "இன்னையோட வேலையை விட்டு நிக்கிறாருங்க."

"நீயும் வெளிய போடா!"

"சரிங்க"ன்ன சடையாண்டிக்கும் சிரிப்பு வந்துடுச்சு. போட்டோக்காரர் ரெண்டு பேரையும் சேர்த்து எடுத்தார்.

வேற சிரிப்பு கிடைக்காம, அதையே அச்சடிச்சாங்க. வருஷம் பூரா அவங்க சுவத்துல சிரிச்சாங்க. கீழ நாங்க குனிஞ்சு தைச்சோம்.