கல்கதவுக்கு வைத்த படையல்

"கதவு திறக்கவில்லை," என்றான் மெரிப்.

கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் படையல்காரி ஹெனுத் நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

"அது கல், கழுதைக்காரரே."

"கல் என்று எனக்குத் தெரியாதா? அதைப் பொறுக்கி எடுத்துப் பேரம் பேசி வாங்கினவனே நான்தான்!"

நைல் நதிக்கு மேற்கே, பழைய ராஜாவை வைத்து மூடிய பிரமிடின் காலடியில், மெரிப்பின் மனைவி நெபெத்துக்குக் கல்லறை கட்டியிருந்தது. அதன் சுவரில் கதவு மாதிரி செதுக்கிய வெள்ளைக்கல். கீல் கிடையாது, தாழ் கிடையாது. பின்னால் அறையும் கிடையாது. செத்தவர்கள் அந்த வழியாக வந்து, வைத்த படையலைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள் என்பது அந்த நாட்டார் நம்பிக்கை.

மெரிப் ஒற்றைக் கழுதையோடு பிழைக்க வந்தவன். இன்றைக்கு அவன் மந்தை நடந்தால் ஊரே தும்மும். சொன்ன விலைக்கு ஒரு பிடி உப்புகூட வாங்கியதில்லை. பிரமிடு நிழல் விழுகிற இடம்தான் வேண்டும் என்று அவன் போட்ட சத்தத்தில், இடம் ஒதுக்கும் அதிகாரி காதைப் பொத்திக்கொண்டே தலையாட்டிவிட்டார்.

பிரமிடுதான் ராஜா நட்சத்திரங்களுக்கு ஏறிப் போகிற வழி. பக்கத்தில் இருந்தால் நெபெத்துக்கும் இருட்டில் வழி தெரியும் என்று நினைத்தான்.

இப்போது தட்டைச் சுட்டிக்காட்டினான். வறுத்த வாத்து, தேனில் ஊறிய அத்திப்பழம், ஒரு ஜாடி திராட்சை மது.

"நேற்று மாலை வைத்தேன். ஒரு நார் குறைந்திருக்கிறதா பார். இன்றைக்குப் புதிதாக வேறு கொண்டுவந்திருக்கிறேன். தினமும் இதே கதைதான்."

"என்ன வேண்டும் உங்களுக்கு?"

"அவள் வர வேண்டும்."

ஹெனுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"ஒரே ஒரு தடவை. நான் பார்க்கக்கூட வேண்டாம். வந்தாள் என்று தெரிந்தால் போதும்." அவன் குரல் இறங்கியது. அப்படி இறங்கியதற்கும் அவனுக்கே கோபம் வந்தது. "செத்த ஒருத்தருக்கு மலையையே கட்டி வைத்திருக்கிறீர்களே, அங்கே மட்டும் ராஜா வருகிறாரா?"

"அதை அவர் வீட்டு ஆட்களைத்தான் கேட்க வேண்டும்."

"இது சந்தையாக இருந்தால் உன் கடையைத் தூக்கி ஆற்றில் போட்டிருப்பேன்!"

"போடுங்கள். துடைப்பம் மிதக்கும்."

அவள் உட்கார்ந்தாள். "ராஜாவுக்கு வரிசையாகத் தட்டு வைக்கிறார்கள், கண் கொள்ளாது. கடைசியில் ஒரு பச்சை வெங்காயம். பையனாக இருந்தபோது தோட்டக்காரன் கையிலிருந்து பிடுங்கித் தின்றாராம். எது மறந்தாலும் அது மறக்கக் கூடாது என்று கிழட்டுச் சமையல்காரர் தடியோடு நிற்பார்."

"வெங்காயக் கதை எனக்கு எதற்கு?"

ஹெனுத் நேற்றைய வாத்தின் காலைப் பிய்த்துக் கடித்தாள்.

"ஏய்! அது என் பெண்டாட்டிக்கு!"

"செத்தவருக்கு முதல் பங்கு, மிச்சம் படையல்காரிக்கு. அதுதானே வழக்கம்?" மென்றுகொண்டே கேட்டாள். "அவருக்கு வாத்து பிடிக்குமா?"

"யாருக்குத்தான் பிடிக்காது?"

"அவருக்கு?"

மெரிப் தட்டைப் பார்த்தான். பல்லைப் பார்த்தே கழுதையின் வயதைச் சொல்கிறவன். பெண்டாட்டிக்குப் பிடித்தது எது என்று தெரியவில்லை.

"நான் சாப்பிட்ட பிறகுதான் அவள் உட்காருவாள்," என்றான்.

"உட்கார்ந்து என்ன சாப்பிடுவார்?"

"நான் எழுந்து கழுதைகளைப் பார்க்கப் போய்விடுவேன்."

"என்றைக்குமா?"

"கழுதை என்ன, பெண்டாட்டி சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருக்குமா?"

ஹெனுத் எலும்பைத் தட்டில் வைத்து விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படியானால் இத்தனை நாளும் எனக்குத்தான் படையல் போட்டிருக்கிறீர்கள். ருசியாக இருந்தது. நன்றி."

மெரிப் தட்டை எட்டி உதைத்தான். அத்திப்பழங்கள் மணலில் உருண்டன. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

வீட்டில் கழுதைகள் தீனிக்குக் கத்தின. தீனி போட்டான். நெபெத் போன பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. ரொட்டி கடையிலிருந்து வந்தது.

அடுப்பங்கரை வாசலில் நின்றான். அந்தப் பக்கம் அவன் போனதே இல்லை. அவளுடைய ரொட்டிச்சட்டிகள், கூம்பு கூம்பாக, ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்து கிடந்தன. மேலே இருந்ததை எடுத்துப் பார்த்தான். வெளியே கரி. உள்ளே, அடியில் மட்டும், கீறல் கீறலாக வெளுத்திருந்தது. சுவரில் ஒரு சின்னச் செம்புத் தகடு செருகியிருந்தது. முனை தேய்ந்த தகடு.

எடுத்துச் சட்டியின் அடியில் ஒரு இழு இழுத்தான்.

கரக்.

தொழுவத்தில் ஒரு கிழட்டுக் கழுதை காதை நிமிர்த்தியது.

மெரிப்புக்கும் அந்தச் சத்தம் தெரியும். தினமும் மாலையில், அவன் தொழுவத்தில் நிற்கும்போது உள்ளேயிருந்து வரும். சட்டி கழுவுகிறாள் என்று நினைத்திருந்தான். "அந்தச் சத்தத்தை நிறுத்தடி, கழுதை மிரளுது!" என்று கத்தியிருக்கிறான். சத்தம் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, மறுபடி தொடங்கும்.

நல்ல ரொட்டி முழுசாகக் கவிழ்ந்து அவன் தட்டுக்கு வந்துவிடும். சட்டியில் ஒட்டியிருந்த காந்தல்தான் அவள் பங்கு.

மறுநாள் அவனே மாவு பிசைந்தான். முதல் ரொட்டி வேகவில்லை. அடுத்தது பிளந்தது. அதற்கடுத்தது சட்டியை விடமாட்டேன் என்றது.

மாலையில் அந்தச் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கல்லறைக்கு வந்தான். சூடு பட்டு மார்பு சிவந்திருந்தது. ஹெனுத் எழுந்து வழிவிட்டாள். பிரமிடின் நிழல் வெள்ளைக் கதவின்மேல் ஏறியிருந்தது.

கதவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ரொட்டியைப் பிய்த்து ஒரு பக்கம் ஒதுக்கினான். தகட்டை எடுத்தான்.

கரக். கரக்.

சுரண்டி வந்த காந்தலைத் தட்டில் வைத்தான். மறுபடி சுரண்டினான். கதவை அவன் பார்க்கவில்லை. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

நிழல் ஆறுவரை நீண்டது. கீழே கட்டியிருந்த கழுதைகள் ஒவ்வொன்றாகக் கத்த ஆரம்பித்தன.

ஹெனுத் குனிந்து அவன் தோளைத் தொட்டாள்.

"இருட்டப் போகிறது. கழுதைகள் கூப்பிடுகின்றன. எழுந்திருக்கவில்லையா?"

"உஸ்," என்றான் மெரிப். "அவள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை."